மூப்பில் தசை வலிமை: மூலிகைப் போத்தலா, நாற்காலிப் பயிற்சியா?



சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பல வீடுகளில் காணக்கூடிய ஒரு காட்சி இது. தாயாருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. சோபாவிலிருந்து எழ இரண்டு கைகளையும் ஊன்ற வேண்டியிருக்கிறது. பச்சை விளக்கு அணைவதற்குள் சாலையைக் கடக்க முடிவதில்லை. ஈரச் சந்தைக்குப் போய் வந்தால் அன்று முழுவதும் கால் அசதி. கேட்டால், "வயசாச்சு, அவ்வளவுதான்" என்கிறார்.

பிள்ளைகளுக்கு மனம் கேட்பதில்லை. கடைத்தொகுதிக்குப் போகிறார்கள். ‘முற்றிலும் தாவரத்தில் தயாரானது, தசைக்கு வலு சேர்ப்பது’ என்று எழுதியிருக்கும் போத்தல் ஒன்றை 80 வெள்ளி கொடுத்து வாங்கி வருகிறார்கள். தாயாரும் காலையில் மறக்காமல் இரண்டு மாத்திரை விழுங்குகிறார். பிறகு அதே சோபாவில் அமர்ந்து தொலைக்காட்சி பார்க்கிறார். மூன்று மாதத்தில் போத்தல் காலியாகிறது. எழுந்து நிற்க இன்னமும் இரண்டு கைகளும் தேவைப்படுகின்றன.

பிள்ளைகளின் அன்பில் குறையில்லை. ஆனால், துணைக்கு வரவேண்டிய ஒன்றைத் தலைமைக்கு அமர்த்திவிட்டார்கள். தசை வளர்வதற்கு இரண்டு தேவை. முதலாவது, ‘வளர வேண்டும்’ என்று தசைக்குக் கிடைக்கும் கட்டளை. இரண்டாவது, வளர்வதற்கான மூலப்பொருள். கட்டளையை முதன்மையாகத் தருவது பயிற்சிதான். உணவும் சத்துப்பொருள்களும் மூலப்பொருளைத் தருகின்றன. கட்டளை இல்லாமல் மூலப்பொருளைக் குவிப்பது, கொத்தனாரை அழைக்காமல் செங்கல்லை இறக்கி வைப்பது போன்றது.

வயதா, நோயா?

மூப்பில் தசை மெலிந்து வலிமை குறையும் நிலைக்குச் சார்க்கோபீனியா என்று பெயர். சதை, இழப்பு ஆகிய பொருள்தரும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து, அமெரிக்க ஊட்டச்சத்து அறிஞர் இர்வின் ரோசன்பர்க் 1989ஆம் ஆண்டு இந்தப் பெயரை முன்மொழிந்தார். 2016இல் அமெரிக்காவின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் இதற்குத் தனிக் குறியீடும் வழங்கப்பட்டது. அதாவது, ‘வயசாச்சு’ என்று ஒதுக்கிவிட வேண்டிய ஒன்றல்ல. கண்டறிந்து கவனிக்க வேண்டிய ஒரு நிலை.

தசை என்பது நடக்கவும் தூக்கவும் மட்டும் உதவுவதன்று. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் கூடும் சர்க்கரையின் பெரும்பகுதியை உள்வாங்குவது தசைதான். நீரிழிவு அதிகம் காணப்படும் இந்தியச் சமூகத்தினர் இதை மனத்தில் கொள்வது நல்லது. மேலும், நோயில் விழும்போது உடல் எடுத்துச் செலவழிக்கும் புரதச் சேமிப்பும் தசையில்தான் இருக்கிறது.

அந்தச் சேமிப்பு எவ்வளவு விரைவில் கரையும் என்பதற்கு 2007இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஆய்வு சான்று. சராசரியாக 67 வயதுடைய, உடல்நலத்துடன் இருந்த சிலர் 10 நாள் படுக்கையிலேயே இருந்தனர். அந்தப் பத்து நாளில் அவர்களின் கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ 1 கிலோ தசை குறைந்தது. காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தெழுந்த முதியவருக்குக் கழிவறைக்குப் போகவே துணை தேவைப்படுவது இதனால்தான். தசை குறைந்தால் விழுவார். விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம். முறிந்தால் மீண்டும் படுக்கை. இந்தச் சுழலைத் தொடக்கத்திலேயே தடுக்க வேண்டும்.

வீட்டிலேயே ஒரு சோதனை

ஆசிய நிபுணர்கள் அடங்கிய சார்க்கோபீனியா பணிக்குழு 2019இல் எளிய அளவுகோல்களைப் பரிந்துரைத்தது. சுவரோடு ஒட்டிப் போட்ட உறுதியான நாற்காலியில் அமர்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். அதற்கு 12 விநாடி அல்லது அதற்குமேல் ஆனால் கவனம் தேவை. கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தை அளவு நாடாவால் அளந்தால், ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருப்பதும் ஓர் எச்சரிக்கை. மருத்துவமனையில் கைப்பிடியின் வலிமையையும் அளப்பார்கள். ஆணுக்கு 28 கிலோ, பெண்ணுக்கு 18 கிலோ என்பவை அந்தக் குழு வகுத்த எல்லைகள்.

இவை முதற்கட்டச் சோதனைகள் மட்டுமே. முடிவைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். சோதனை செய்யும்போது பக்கத்தில் ஒருவர் நிற்பது அவசியம்.

தாதிமை இல்லத்தில் கிடைத்த பாடம்

‘இந்த வயதில் பயிற்சி செய்து என்ன ஆகப்போகிறது?’ என்று கேட்போர் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் இதற்கு 1990ஆம் ஆண்டிலேயே விடை கண்டனர். தாதிமை இல்லத்தில் வசித்த, சராசரியாக 90 வயதுடைய 10 பேர் எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி செய்ய முன்வந்தனர். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. இருவர் ஊன்றுகோலைக் கைவிட்டனர்.

அதே குழுவினர் 1994இல் வெளியிட்ட ஆய்வு, இன்றைய தலைப்புக்கு இன்னும் நெருக்கமானது. சராசரியாக 87 வயதுடைய 100 முதியோரை நான்காகப் பிரித்தனர். முதல் பிரிவுக்குப் பயிற்சி, இரண்டாவது பிரிவுக்குச் சத்துப் பானம், மூன்றாவது பிரிவுக்கு இரண்டும். நான்காவது பிரிவுக்கு இரண்டுமே இல்லை. பத்து வாரத்துக்குப் பிறகு, பயிற்சி செய்தவர்களின் தசை வலிமை 113 விழுக்காடு உயர்ந்திருந்தது. செய்யாதவர்களுக்கு வெறும் 3 விழுக்காடு. சத்துப் பானம் மட்டும் அருந்தியவர்களின் பலவீனம் குறையவில்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. பயிற்சியும் செய்து பானமும் அருந்தியவர்களுக்கு மட்டுமே மொத்த உணவின் அளவு கூடியது. உழைக்கும் உடல் கொடுத்ததை ஏற்றுக்கொண்டது. உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பானத்தைக் கொடுத்தும் மொத்த உணவு கூடவில்லை.

தாவரப் பொருளை வைத்தே நடந்த ஆய்வும் இருக்கிறது. தோக்கியோவில் தசை மெலிந்த, 75 வயதைக் கடந்த 128 பெண்மணிகள் பங்கேற்ற மூன்று மாத ஆய்வு 2013இல் வெளியானது. பச்சைத் தேயிலையில் உள்ள கேட்டெக்கின் எனும் சத்து செறிந்த தேநீர் அதில் சோதிக்கப்பட்டது. வாரம் இருமுறை பயிற்சியும் செய்து, அந்தத் தேநீரையும் அருந்திய குழுவில்தான், உடல்நல வகுப்பு மட்டும் கேட்ட குழுவைவிடக் கால் தசையும் நடை வேகமும் சேர்ந்து முன்னேறுவது தெளிவாக அதிகம் தென்பட்டது. இங்கும் தாவரச் சத்து துணைக்குத்தான் வந்தது. பயிற்சிக்கு மாற்றாக வரவில்லை.

சிங்கப்பூரிலேயே 246 மூத்தோர் பங்கேற்ற ஆய்வு 2015இல் வெளியிடப்பட்டது. அவர்கள் உடல் தளர்ந்தவர்கள் அல்லது தளரத் தொடங்கியவர்கள். ஊட்டச்சத்து, நினைவாற்றல் பயிற்சி, உடற்பயிற்சி ஆகியவற்றில் ஒவ்வொன்றும் தனித்தனியாகவும் பலன் தந்தது. தனித்தனியாகக் கொடுத்தவற்றுள் உடற்பயிற்சியே முதலிடம் பிடித்தது. மூன்றையும் சேர்த்துச் செய்தபோது பலன் இன்னும் கூடியது.

தாவரச் சத்துப்பொருள்கள்: எதற்கு எவ்வளவு சான்று?

கடைகளில் அதிகம் விற்பனையாகும் சிலவற்றை மட்டும் பார்க்கலாம்.

சோயா, பட்டாணிப் புரதத் தூள்: இவை உண்மையான புரதம். சரியாகச் சாப்பிட முடியாதவருக்குப் பயன்படும். தசைக்குக் கட்டளையிடுவதில் லியூசின் எனும் அமினோ அமிலத்துக்கும் பங்குண்டு. பால் புரதத்தைவிடச் சோயாவில் அது குறைவு. ஆகவே தாவரப் புரதத்தைச் சற்றே கூடுதலாகச் சேர்த்துக்கொண்டால் ஈடுகட்டலாம்.

மாதுளைச் சத்து: மாதுளையில் உள்ள சில பொருள்களைக் குடலில் வாழும் கிருமிகள் யூரோலித்தின் ஏ என்ற பொருளாக மாற்றுகின்றன. எல்லாருடைய குடலிலும் இது நடப்பதில்லை. அதனால் அந்தப் பொருளையே மாத்திரையாக விற்கிறார்கள். 65 முதல் 90 வயது வரையிலான 66 பேரிடம் நான்கு மாதம் சோதித்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. தசை சோர்வடையாமல் இயங்கும் திறன் ஓரளவு கூடியது. ஆனால் ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரத்தில், வெற்று மாத்திரை உண்டவர்களுக்கும் இவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

அமுக்கரா எனும் அசுவகந்தா: நம்மவர்களுக்குப் பழக்கமான மூலிகை. 2015இல் வெளியான ஆய்வில், எடைப் பயிற்சியுடன் இதையும் உட்கொண்டவர்களின் வலிமை கூடியது. ஆனால் அதில் பங்கேற்றவர்கள் 18 முதல் 50 வயது வரையிலான ஆண்கள். எழுபது வயதுப் பாட்டிக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த இயலாது. கல்லீரல் பாதிப்பு ஏற்பட்ட நேர்வுகளும் பதிவாகியுள்ளன. தைராய்டு மாத்திரை, தூக்க மாத்திரை உட்கொள்வோர் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும். டென்மார்க் 2023இல் இதற்குத் தடை விதித்தது.

தொங்காட் அலி: மலேசியக் காடுகளின் புகழ்பெற்ற வேர். மூத்தோரிடம் ஐந்து வாரம் சோதித்த ஓர் ஆய்வில் வலிமை கூடியதாக 2014இல் தெரிவிக்கப்பட்டது. பங்கேற்றவர்கள் 25 பேர்தான். ஏற்கெனவே சுறுசுறுப்பாக உடற்பயிற்சி செய்து வந்தவர்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், இந்த வேரின் சாறு பாதுகாப்பானது என்று நிறுவப்படவில்லை என 2021இல் கூறியது.

ஆக, சிலவற்றில் சிறு பலன் இருக்கலாம். ஆனால் நாற்காலியிலிருந்து எழ முடியாதவரை எழுப்பிவிடும் மூலிகை என்று எதையும் காட்ட முடியாது.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

சிங்கப்பூரில் சத்துணவு மாத்திரைகளை விற்பதற்குச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவையில்லை. பாதுகாப்புக்கு விற்பவரே பொறுப்பு. கடையில் இருப்பதாலேயே ஆணையம் சோதித்து ஒப்புக்கொண்டது என்று எண்ணிவிடக் கூடாது. மலேசியாவில் பதிவு கட்டாயம். உறையில் ‘எம்ஏஎல்’ எழுத்துகளுடன் தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இணையத்திலும் இரவுச் சந்தையிலும் வாங்குவோர் இதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

இதில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. ‘மூட்டுவலிக்கு மூலிகை’ என்று விற்கப்பட்ட சில பொருள்களில் டெக்சாமெத்தசோன் எனும் ஸ்டீராய்டு மருந்து கலந்திருந்ததை இரு நாட்டு அதிகாரிகளும் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்துள்ளனர். அத்தகைய மாத்திரையை உண்டதும் வலி மாயமாகப் பறக்கும், பசி எடுக்கும், முகம் உப்பும். ‘உடம்பு தேறிவிட்டது’ என்று வீட்டார் மகிழ்வார்கள். உள்ளே நடப்பதோ நேர்மாறு. நீண்ட நாள் உட்கொண்ட ஸ்டீராய்டு தசையைக் கரைக்கும், எலும்பை மெலியவைக்கும், சர்க்கரையை ஏற்றும். தசைக்காக வாங்கியது தசையையே தின்றுவிடும். அதைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து என்பதால், சந்தேகம் எழுந்தால் போத்தலையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

வார்ஃபரின் போன்ற ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோர், எந்த மூலிகையையும் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ சொல்லாமல் தொடங்கக் கூடாது.

தட்டில் இருக்கிறது மூலப்பொருள்

மூத்தோருக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்று அனைத்துலக நிபுணர் குழு ஒன்று 2013இல் பரிந்துரைத்தது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 60 முதல் 72 கிராம்.

பல முதியோரின் அன்றாட உணவு என்ன? காலையில் இரண்டு தோசை, சட்னி. நண்பகலில் சோறு, ரசம், பொரியல். இரவில் பிஸ்கட்டும் மைலோவும். இதில் புரதம் பாதியளவைத் தாண்டுவதே கடினம். சாம்பாரில் பருப்பு இருக்கிறது என்பார்கள். ஆனால் அதில் தண்ணீரே அதிகம்.

சைவ உணவு உண்போருக்கு இங்கே குறையே இல்லை. ஈரச் சந்தையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் தெம்பேயில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 19 கிராம் புரதம் உள்ளது. ஒரு கிண்ணம் வேகவைத்த கொண்டைக்கடலையில் 14 கிராம் அளவுக்கு இருக்கிறது. சீனி சேர்க்காத சோயாப் பால், தவுக்குவா எனும் கெட்டித் தோஃபு, கெட்டியாக வைத்த பருப்பு, தயிர் ஆகியவற்றையும் மூன்று வேளைக்கும் பிரித்துச் சேர்த்துக்கொள்ளலாம். இரவு உணவில் மட்டும் குவிப்பதைவிட இப்படிப் பிரிப்பது நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

நாற்காலியிலிருந்து தொடங்கலாம்

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி, 65 வயதைக் கடந்தவர்களுக்கு மூன்றைச் சொல்கிறது. வாரத்தில் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கம்; குறைந்தது இரண்டு நாள் தசை வலுவூட்டும் பயிற்சி; மூன்று நாள் சமநிலையையும் வலிமையையும் சேர்த்து வளர்க்கும் பயிற்சி. பலர் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள். பூங்காவில் நடப்பது இதயத்துக்கு நல்லது. ஆனால் தொடைத் தசைக்கு அது போதாது.

வீட்டில் செய்யக்கூடியவை நான்கு:

ஒன்று, நாற்காலியிலிருந்து எழுந்து மெதுவாக உட்காருவது. முடியாதவர்கள் முதலில் கைகளை ஊன்றிக்கொள்ளலாம், அல்லது தலையணை வைத்து இருக்கையை உயர்த்தலாம்.

இரண்டு, சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது.

மூன்று, சுவரில் கைகளை ஊன்றி, முழங்கையை மடக்கி, உடலைச் சுவர்ப்பக்கம் கொண்டுபோய்த் திரும்புவது.

நான்கு, மேடையைப் பிடித்தபடி ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் மறு பாதத்தை வைத்து 10 விநாடி நிற்பது.

முதல் மூன்றையும் 8 முதல் 12 முறை, சற்று ஓய்வெடுத்து இரண்டு சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்யலாம். மூச்சை அடக்கக் கூடாது. கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும். சிரமமே இல்லையென்றால் தசைக்குக் கட்டளை போய்ச் சேரவில்லை. எளிதாகிவிட்டால் கைகளைக் கட்டிக்கொண்டு எழலாம்; பிறகு இன்னும் மெதுவாக உட்காரலாம்; அதன்பின் தண்ணீர்ப் போத்தலைக் கையில் பிடித்துக்கொள்ளலாம். மறுநாள் தசை லேசாக வலிப்பது இயல்பு. நெஞ்சுவலி, தலைச்சுற்றல், மூட்டில் கூர்மையான வலி வந்தால் உடனே நிறுத்த வேண்டும். இதய நோய் உள்ளவர்களும் அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்டுத் தொடங்க வேண்டும்.

மூட்டுவலி இருப்பவர்கள் செய்யலாமா என்ற கேள்வி எப்போதும் எழும். முழங்கால் தேய்மானத்துக்கு மருத்துவர்கள் பரிந்துரைக்கும் சிகிச்சைகளில் தொடைத் தசைப் பயிற்சியும் ஒன்று. தசை வலுத்தால் மூட்டின் சுமை குறையும். உடலியக்கச் சிகிச்சை நிபுணர் ஒருவரின் மேற்பார்வையில் தொடங்குவது நல்லது.

தனியாகச் செய்யச் சலிப்பாக இருந்தால் சிங்கப்பூரில் துடிப்பாக மூப்படைதல் நிலையங்களும், மலேசியாவில் ‘பாவே’ எனப்படும் மூத்த குடிமக்கள் நடவடிக்கை மையங்களும் உள்ளன. சிங்கப்பூரில் மூத்தோருக்கான எடைப் பயிற்சித் திட்டம் ஒன்றுக்கு ‘ஜிம் டானிக்’ என்றே பெயர். பயிற்சியே டானிக் என்பது பொருத்தமான பெயர்தான்.

மீண்டும் அந்தத் தாயாரிடம் வரலாம். அவருக்காகப் பிள்ளைகள் செலவழித்த 80 வெள்ளியில் பல வாரத்துக்குத் தேவையான தெம்பேயும் கொண்டைக்கடலையும் வாங்கலாம். நாற்காலி ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள், பத்துப் பத்து நிமிடம் பக்கத்தில் நின்று, "இன்னும் ரெண்டு தடவைம்மா" என்று சொல்ல ஒரு மகனோ மகளோ பேரப்பிள்ளையோ இருந்தால் போதும். பத்து வாரத்துக்குப் பிறகு அதே ஐந்து முறைச் சோதனையைச் செய்து, விநாடிகளை எழுதி வைத்துப் பார்க்கலாம். 87 வயதிலும் தாதிமை இல்லத்தில் அந்தக் கணக்கு மாறியது. எழுபது வயதில் வீட்டில் மாறாது என்று சொல்வதற்குக் காரணம் எதுவும் இல்லை.